மின்கலப் பெட்டிக்கு இடம் ஒதுக்குதல் தொடர்பாக

மாநகரத் திட்ட அலுவலகத்தில் எந்தப் பொருளுக்கும் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையில் அது பரிசீலனையில் இருக்கும். இரண்டாம் நிலையில் தீவிரப் பரிசீலனையில் இருக்கும். மூன்றாம் நிலைக்கு வரும்போது அதைப் பற்றி விசாரித்த ஆள் ஓய்வுபெற்றுப் போயிருப்பார். இந்த ஏற்பாடு பல்லாண்டு காலமாக யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடந்துவந்தது. அதனால்தான், ஒரு பொருள் கோப்பில் ஏறாமல் நேராக லாரியில் ஏறி வந்து அலுவலக வாசலில் நின்றபோது, கட்டடமே கொஞ்சம் ஆடிப்போனது.

வந்தது ஒரு பேட்டரிப் பெட்டி. இருபதடி நீளம், எட்டடி அகலம், வெள்ளை நிறம். கரண்ட் தாராளமாக வரும்போது வாங்கி வைத்துக்கொண்டு, போகும்போது திருப்பிக் கொடுக்கும். இதைவிடச் சாதுவான வேலை உலகத்தில் கிடையாது. கூடவே மேலிடத்துக் கடிதம் ஒன்றும் வந்தது. முப்பது நாட்களுக்குள் நகர எல்லைக்குள் இடம் ஒதுக்கி, இடம் ஒதுக்குவதற்கான விதிகளையும் வகுத்து அனுப்ப வேண்டும். தவறினால் மேற்படி பெட்டி அடுத்த நகரத்துக்கு அனுப்பப்படும்.

விதி என்றால் வரைபடம். வரைபடம் என்றால் ஸ்கேல் அக்கா. பதினேழு வருடமாக வரைபடப் பிரிவில் இருக்கிறாள். கையில் ஒரு இரும்பு ஸ்கேல் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர். வரைபடப் பிரிவில் கம்ப்யூட்டர் இல்லாமல் இல்லை. பேஷாக ஒன்று இருக்கிறது. அதன் பாஸ்வேர்டு தெரிந்தவர் ஓய்வுபெற்றுவிட்டார். ஆகவே எல்லாம் கவராயமும் மைப்பேனாவும்தான்.

கடிதத்தைப் படித்ததும் ஸ்கேல் அக்காவுக்கு உள்ளம் குளிர்ந்தது. காரணம் அவளுடைய மாமனார்.

அவர் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். ஒன்பதாவது மாடி வீடு, இரண்டு முழங்காலும் ஒத்துழையாமை இயக்கம் நடத்துகின்றன. தினமும் மதியம் சரியாக இரண்டரைக்குக் கீழே போய் ஒரு டீ குடிப்பது அவர் வழக்கம். அந்தத் தெருவில் தினமும் மதியம் சரியாக இரண்டரைக்குக் கரண்ட் போவது மின்சாரத் துறையின் வழக்கம். இரண்டு வழக்கங்களும் ஐந்தாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே லிஃப்டில் சந்தித்துக்கொள்ளும். மூன்றேகால் வரை மனிதர் அதற்குள்ளேயே இருப்பார்.

"ஒரு அரைமணி முன்னாடி போங்களேன் மாமா" என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"கரண்ட்காரனுக்காக நான் ஏம்மா டீ நேரத்தை மாத்தணும்? அவன் மாத்தட்டும்!"

போன வாரம் காற்றில்லாமல் உள்ளேயே மயங்கிவிட்டார். மூன்றேகாலுக்குக் கதவு திறந்தபோது மனிதர் மூலையில் சரிந்து கிடந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பிய டாக்டர், இனி ஒருதரம் இப்படி ஆனால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றையிலிருந்து மதியம் இரண்டரை ஆனாலே ஸ்கேல் அக்கா போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். சிடுமூஞ்சி மாமனார்தான், ஆனாலும் அவளுக்கு அவர்மேல் உயிர். அந்தப் பெட்டி மட்டும் தன் தெரு லைனில் வந்து உட்கார்ந்துவிட்டால் போதும் என்று இருந்தது.

அமைவிடக் குழு கூடியது. இயக்குநர் தலைமை தாங்கினார். தீயணைப்பு அதிகாரி வந்தார். நகர அழகியல் ஆலோசகர் என்று ஒருவர் வந்தார். இந்தப் பதவி அந்த வருடம்தான் எல்லா நகரங்களிலும் பரவியிருந்தது. ஒரு நகரத்துக்கு வந்துவிட்டால் அடுத்த நகரம் சும்மா இருக்குமா? நல்ல வெயிலிலும் கழுத்தில் துணி சுற்றியிருந்தார். மேசைமேல் நகர வரைபடத்தை விரித்து, கவராயத்தோடு ஸ்கேல் அக்கா தயாராக நின்றாள். ஒரு சென்டிமீட்டருக்கு நூறு மீட்டர்.

"முதல்ல பள்ளிக்கூடம்" என்றார் இயக்குநர். "முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கணும்."

"ஏன் சார் முந்நூறு?" என்று ஸ்கேல் அக்கா கேட்டாள்.

"இருநூறுன்னு போட்டா ஏன் இருநூறுன்னு கேப்பாங்க. முந்நூறுன்னா ஒரு கனம் இருக்கு."

ஸ்கேல் அக்கா நூற்று நாற்பது பள்ளிக்கூடங்களைச் சுற்றி வட்டம் போட்டாள். பிறகு ஆஸ்பத்திரிகள். பிறகு நூலகங்கள், அங்கே யாரும் போவதில்லை என்றாலும்.

தீயணைப்பு அதிகாரி தொண்டையைச் செருமினார். "தீப்பிடிச்சா அணைக்கணும். அதனால தண்ணிக்கு ஐம்பது மீட்டருக்குள்ள இருக்கணும். ஆனா பேட்டரி ரசாயனம் தண்ணியில கலந்துடக் கூடாது. அதனால தண்ணியிலிருந்து நூறு மீட்டர் தள்ளி இருக்கணும்."

"ரெண்டும் எப்படி சார் ஒண்ணா இருக்கும்?"

"அது வரைபடப் பிரிவோட வேலை."

"சார், நம்ம ஆபீஸ் சுவரை ஒட்டியே பெட்ரோல் பங்க் இருக்கு. கேன்டீன்ல ஒம்பது கேஸ் சிலிண்டர் இருக்கு. அதுக்கெல்லாம்?"

"அதெல்லாம் பழகின ஆபத்தும்மா" என்றார் தீயணைப்பு அதிகாரி பரிவோடு. "பழகின ஆபத்துக்கு யாரும் என்னைக் கேள்வி கேக்க மாட்டாங்க. புது ஆபத்து வந்தாத்தான் கேப்பாங்க."

குழு இந்தக் கருத்தை ஏற்று, குறிப்பேட்டில் பதிவு செய்தது.

அடுத்து ஆலோசகர் எழுந்து ஜன்னலோரம் போய், வாசலில் நின்ற லாரியை நெடுநேரம் பார்த்தார். "சார், ஒரு நகரத்துக்கு ஒரு மூடு இருக்கு. அந்தப் பெட்டியைப் பாருங்க. அது ரொம்பப் பெட்டியா இருக்கு."

"பெட்டிதானே சார் அது?" என்றாள் ஸ்கேல் அக்கா.

"இருக்கலாம். ஆனா அதை வெளிய காட்டிக்கணுமா?"

ஆலோசகரின் பரிந்துரைப்படி, எந்த வீட்டு ஜன்னலிலிருந்தும் பெட்டி கண்ணில் படக் கூடாது என்று ஒரு விதி சேர்ந்தது. அதோடு நிற்கவில்லை. வரைபடத்தைப் பார்த்துவிட்டு, கோடுகள் மிகவும் கூச்சப்படுகின்றன, தைரியமான கோடுகளாகப் போட வேண்டும் என்றார். ஸ்கேல் அக்கா தடித்த பேனாவை எடுத்து எல்லா வட்டங்கள் மேலும் மறுபடி ஓட்டினாள். அந்த மையின் தடிமன் இரண்டு மில்லிமீட்டர். அதாவது நிலத்தில் இருபது மீட்டர். எல்லா விதிகளுக்கும் தப்பி, நகரத்தில் பன்னிரண்டு இடங்கள் அதுவரை உயிரோடு இருந்தன. அவற்றில் பதினொன்று கோட்டுக்கடியில் மாண்டுபோயின. கையெழுத்தான வரைபடம்தான் சட்டம் என்பதால் அவற்றை மீட்க வழியில்லை.

மிஞ்சிய ஒன்று கடுகளவு வெள்ளையாக ஓர் ஓரத்தில் தெரிந்தது. அவள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். அது அவள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால், மதிலுக்கு அந்தப் பக்கம் உள்ள காலி மனை. மதில் ஆளுயரம், பின்பக்கம் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது, தண்ணீர்த் தொட்டி எழுபத்தைந்து மீட்டரில். ஐம்பதுக்குள்ளும் இல்லை, நூறைத் தாண்டியும் இல்லை. இரண்டு விதிகளையும் சரிபாதி மீறியதால் சராசரியில் அது தேறியது.

"அருமை!" என்றார் இயக்குநர். "பொதுமக்கள் ஆட்சேபணைக்குப் பதினஞ்சு நாள் அவகாசம் கொடுத்துட்டு முடிச்சுடுவோம்."

ஸ்கேல் அக்கா அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அந்தக் காலி மனையைச் சுற்றி இரண்டு தடவை நடந்தாள். புல் முளைத்திருந்த அந்தச் சதுரத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

பதினான்காவது நாள் ஒரே ஒரு ஆட்சேபணை வந்தது. மேற்படி அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கம், மேற்படி காலி மனையில் மேற்படி பெட்டியை வைப்பதை வன்மையாக எதிர்க்கிறது. கீழே தலைவர் கையெழுத்து. ஸ்கேல் அக்கா அதைப் பார்த்ததும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அது அவளுடைய மாமனார் கையெழுத்து.

சாயந்திரம் வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மாமா, என்ன மாமா இது?"

"கம்ப்ளெய்ன்ட் வந்துடுச்சா? ஆங்கில மாதம் போடணுமா தமிழ் மாதமான்னு ஒரு சந்தேகம் இருந்தது."

"இதை எங்க உக்காந்து எழுதினீங்க?"

"லிஃப்ட்லதான். முக்கால் மணி நேரம் சும்மா மோட்டுவளையைப் பார்த்துட்டு உக்காந்திருக்க முடியுமா? கூட மாட்டின நாலு பேரும் அங்கேயே கையெழுத்துப் போட்டாங்க. சங்கக் கூட்டத்துக்குக் கோரம் ஆயிடுச்சு."

"ஐயோ மாமா! அந்தப் பெட்டி வந்தா லிஃப்டே நிக்காது. உங்களுக்காகத்தானே நான் ராப்பகலாத் தவிச்சுட்டு இருக்கேன்!"

மாமனார் கொஞ்சம் கலங்கித்தான் போனார். ஆனால் தலைமை எழுத்தராக இருந்தவர் அல்லவா? "வரவேண்டாம்னு நான் எங்கம்மா சொன்னேன்? தாராளமா வரட்டும். வேற எங்கயாவது வரட்டும். எதிர் அபார்ட்மெண்ட் பின்னாடி வைக்கச் சொல்லு. அவங்கதான் நம்ம பக்கம் குப்பையைத் தள்றாங்க."

"எதிர்ல வேற லைன் மாமா. அங்க வெச்சா அவங்களுக்குத்தான் கரண்ட் வரும்."

"அப்ப அங்கயும் வேண்டாம்."

குழு மறுபடி கூடியது. ஆட்சேபிப்பவரிடமிருந்து நூறு மீட்டர் என்று ஒரு விதி சேர்ந்தது. ஸ்கேல் அக்கா தன் வீட்டைச் சுற்றித் தானே வட்டம் போட்டாள். கடுகளவு வெள்ளையும் மறைந்தது. நகரம் முழுவதும் ஒரே கறுப்பு.

இயக்குநர் வரைபடத்தைக் கையில் தூக்கிப் பிடித்து, கண்கள் பனிக்க, "இவ்வளவு கச்சிதமான விதியை என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல" என்றார். "எங்க வெச்சாலும் தப்பு. யாரும் நம்மைக் குறை சொல்லவே முடியாது."

முப்பதாவது நாள் காலை மேலிடத்திலிருந்து போன் வந்தது. பெட்டியை அடுத்த நகரத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டார்கள். இயக்குநருக்கு வியர்த்துவிட்டது. பெட்டி போவதைப் பற்றி ஒன்றுமில்லை. அடுத்த நகரத்து இயக்குநர் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார், அதைத்தான் தாங்க முடியாது.

லாரி டிரைவரைக் கூப்பிட்டார்கள். ஒரு மாதமாக வாசலிலேயே குடியிருந்தவர் அவர்.

"இத்தனை நாள் பெட்டி எங்கய்யா இருந்தது?" என்றார் இயக்குநர்.

"இங்கேயேதான் சார். உங்க ஜன்னலுக்குக் கீழ."

"யாராவது ஆட்சேபணை சொன்னாங்களா?"

"இல்ல சார். தீயணைப்பு சார் தினமும் அதோட நிழல்லதான் ஸ்கூட்டரை விடுறார். நிழல் நகர்ந்தா என்னையும் நகரச் சொல்றார்."

தீயணைப்பு அதிகாரி வரைபடத்தில் எதையோ தேட ஆரம்பித்தார்.

ஸ்கேல் அக்கா விதிப் புத்தகத்தைக் கடைசி முறையாகப் புரட்டினாள். பெட்டி போய்விட்டால் மாமனார் கதி என்ன என்று நினைக்க நினைக்க எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. அந்த அலுவலகத்தில் புது விதி எழுதுவது என்றால், பழைய விதியை எடுத்துத் தலைப்பை மாற்றுவது என்று அர்த்தம். இது தள்ளுவண்டிகளுக்கான விதியிலிருந்து வந்தது. முதல் பக்கத்திலேயே இருந்தது: அமைவிடம் என்பது, ஒரு பொருள் ஒரே இடத்தில் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் நிற்பதாகும்.

"சார்!" என்று கத்திவிட்டாள். "பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள கிளம்பிட்டா, பெட்டி எங்கயுமே அமையலை சார். எந்த வட்டமும் அதைக் கட்டுப்படுத்தாது. லாரியிலேயே இருக்கட்டும். தெருத் தெருவாப் போய் பதினாலு நிமிஷம் நின்னு கரண்ட் கொடுத்துட்டுக் கிளம்பட்டும்."

ஒன்பதாவது மாடியிலிருந்து லிஃப்ட் இறங்க நாலு நிமிடம் போதும். அவள் கணக்கு அவ்வளவுதான்.

"இடமே இல்லாம இடம் ஒதுக்கிட்டோம்!" என்று இயக்குநர் ஆனந்தக் கூத்தாடினார். மாலைக்குள் ஆணை வெளிவந்தது.

மறுநாள் மதியம் இரண்டரைக்குக் கரண்ட் போனது. இரண்டு முப்பத்தொன்றுக்கு லாரி வந்து நின்றது. டிரைவர் கேபிளை மாட்டினார். ஐந்தாவது மாடிக்குக் கீழே நின்ற லிஃப்ட் முனகிக்கொண்டு மெதுவாக இறங்கியது. கதவு திறந்தது. வெள்ளைச் சட்டையோடு மாமனார் வெளியே வந்தார். லீவு போட்டுவிட்டு வந்து கீழே காத்திருந்த ஸ்கேல் அக்கா, அக்கம்பக்கம் பார்க்காமல் அழுதேவிட்டாள்.

மாமனாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு டிரைவரிடம் போனார். "எவ்வளவு நேரம்பா நிப்பே?"

"பதினாலு நிமிஷம் சார்."

"பதினாலா? நான் டீயைக் குடிச்சுட்டு எப்படிய்யா திரும்ப மேல போறது? சங்கத்துல சொல்லி இதுக்கு ஒரு வழி பண்றேன்."

வழி பண்ணினார். பெட்டியைத் தங்கள் கட்டடத்துக்கு ஐம்பது மீட்டருக்குள் நிரந்தரமாக நிறுத்த வேண்டும் என்று மனு எழுதினார். பழைய மனுவின் நகல்தான், வன்மையாக எதிர்க்கிறது என்பதை அடித்துவிட்டு வன்மையாகக் கோருகிறது என்று மேலே எழுதியிருந்தார். சேதி பரவியது. எதிர் அபார்ட்மெண்ட் மனுக் கொடுத்தது. பள்ளிக்கூடங்கள் கொடுத்தன, ஆஸ்பத்திரிகள் கொடுத்தன, யாரும் போகாத நூலகமும் கொடுத்தது. லாரி திரும்புகிற முனையெல்லாம் ஜனங்கள் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே ஓடினார்கள். ஒரு தெருவில் லாரி முன்னால் படுத்துக்கொண்டார்கள். பதினைந்தாவது நிமிடம் ஆவதற்குள் போலீஸ் வந்து அவர்களைத் தூக்க வேண்டியதாயிற்று. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு மனுக்கள். எல்லோருக்கும் ஐம்பது மீட்டருக்குள், எல்லோருக்கும் நிரந்தரமாக.

குழு மூன்றாம் முறை கூடியது. ஸ்கேல் அக்கா புதுத் தாளில் இருநூற்றுப் பன்னிரண்டு வட்டங்கள் போட்டாள். போன தடவை எல்லா வட்டத்துக்கும் வெளியே ஓர் இடம் தேடினாள். இந்தத் தடவை எல்லா வட்டத்துக்கும் உள்ளே ஓர் இடம் தேட வேண்டியிருந்தது. சாயந்திரம் வரை தேடினாள்.

"இல்ல சார்."

"ஒரு தெருவில பதினாலு நிமிஷம் நின்னாக்கூட மிச்ச இருநூத்திப் பதினோரு பேருக்கு அநியாயம்" என்றார் இயக்குநர். "சமத்துவம்னு ஒண்ணு இருக்கு. லாரி எல்லாத் தெருவுக்கும் போகட்டும். எங்கயும் நிக்க வேண்டாம்."

"அப்ப கரண்டை வெச்சு என்ன சார் பண்றது?"

இந்த இடத்தில்தான் ஆலோசகர் தன் சம்பளத்துக்கு நியாயம் செய்தார். பசுமைப் பெட்டியை ஒரு டீசல் லாரி புகை கக்கிக்கொண்டு சுமப்பது நகரத்தின் மூடுக்கு அசிங்கம். லாரியில் மோட்டார் மாட்டி, பெட்டியின் கரண்டிலேயே ஓட்டிவிட வேண்டும் என்றார். மாட்டினார்கள். பெட்டி விடிகாலையில், விதி செல்லாத நகர எல்லைக்கு வெளியே நின்று நிறையக் கரண்ட் ஏற்றிக்கொள்ளும். பொழுதுபூராவும் தன்னைத்தானே சுமந்துகொண்டு நகரத்தைச் சுற்றும். சாயந்திரம் காலியாக அங்கேயே திரும்பும். சேமிக்கப்பட்ட மின்சாரம் ஒரு துளி வீணாகாமல் முழுமையாகப் பயன்படுத்தப்படுவதாக ஆண்டறிக்கையில் எழுதினார்கள். அதற்கு ஒரு விருதும் கிடைத்தது. பார்த்துப் படித்துப் போக எட்டு நகரங்களிலிருந்து குழுக்கள் வந்தன.

"இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன்க்கா" என்றார் டிரைவர். "சுமையே வண்டியை ஓட்டி இப்பத்தான் பாக்குறேன். கூலி வாங்கவே கூச்சமா இருக்கு."

மதியம் இரண்டரை. அலுவலகத்தில் ஸ்கேல் அக்காவின் போன் அடித்தது. எடுக்கும்போதே அவளுக்குத் தெரியும்.

"மருமகளே, அஞ்சுக்கும் நாலுக்கும் நடுவில."

"மூச்சு விட முடியுதா மாமா? பதறாம இருங்க, நான் இப்பவே கிளம்பி வரேன்."

"முடியுது, முடியுது. வாட்ச்மேன் மேல ஒரு கதவைத் திறந்து வெச்சிருக்கான், கொஞ்சம் காத்து வருது. லாரிச் சத்தம் கேக்குது, நம்ம தெருவில போகுதா?"

"நம்ம தெருவிலதான் மாமா, இப்ப அது வர்ற நேரம். நிக்காது."

"எதிர் அபார்ட்மெண்ட்ல?"

"அங்கயும் நிக்காது."

"அந்த ஆஸ்பத்திரிகிட்ட? உங்க டைரக்டர் வீட்டுகிட்ட?"

"எங்கயும் நிக்காது மாமா. ஆர்டரே அப்படித்தான்."

மறுமுனையில் மாமனார் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார். "அப்ப சரி" என்றார். அவரோடு மாட்டியிருந்த நாலைந்து பேரும், அவருக்குப் பின்னாலிருந்து, "அப்ப சரி, அப்ப சரி" என்றார்கள்.

ஆட்டோவுக்குக் கை காட்டியபடி ஸ்கேல் அக்கா படியிறங்கி ஓடினாள். கோபமும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. இருந்தாலும், மறைப்பானேன், எதிர் அபார்ட்மெண்டில் நிற்காது என்று சொன்னபோது அவளுக்கும் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.